மிச்சத்தையும் சொல்லு

போன வார இதழில் கொண்டை என்ற பெண்ணைக் குளியலறை ஈரத்தில் வழுக்கி விழவிட்டு, எழுந்தாளா இல்லையா என்று கூடச் சொல்லாமல் நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காகத் திட்டிக் கடிதம் போட்ட வாசகிகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வலது மணிக்கட்டு வீங்கி, ஹோட்டலுக்கு வந்த டாக்டர் முழங்கை வரை கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கவிட்டு, "கையை அசைக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேறு யாருக்காவது நடந்திருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் இந்தச் சுற்றுலாவின் வாயே கொண்டையின் கைதான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காது கேளாதோர் சங்கத்தார் ஒரு பஸ் நிறையக் கிளம்பி, கடல் தாண்டி, தென்கிழக்கு ஆசியாவின் பழைய தலைநகர் ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறார்கள். இவர்களுக்குள் எல்லாருக்கும் கையால் வைத்த பெயர்தான். மூக்கோரத்தைத் தொட்டால் அம்மா, அவள் மூக்குத்தி. தலைக்குப் பின்னால் விரலைச் சுழற்றினால் மகள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் கொண்டை. இவர்கள் இருவருக்கும் காது கேட்கும். கேட்காதவன் மகன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன், சங்கத்தின் செயலாளர். பேசக் கையைத் தூக்குமுன் புருவம் ஏறிவிடும் என்பதால் அவன் பெயர் புருவம். இவர்கள் கையால் பேசுவதை மற்றவர் பேச்சைப் போலவேதான் எழுதுகிறேன். பேச்சு பேச்சுதானே!

காலைச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. சுற்றுலாக் கம்பெனி மேனேஜர். எந்நேரமும் கழுத்தில் தொங்குவதால் அவர் பெயர் டை.

"மேடம், கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். இன்னிக்கு அந்தக் கோட்டை, கோபுரமெல்லாம் வேணாம். பேசாம கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. சாமான் வாங்கறதுக்குப் பேச்சு எதுக்கு?"

"இதுக்காகத்தான் சார் எல்லாரும் வந்ததே. ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தாங்க."

"புரியுதுங்க. ஆனா நான் அப்பவே சொன்னேன் இல்லையா? உங்க தம்பி நல்ல பையன், நான் இல்லேங்கல. அடுத்த தடவை தானே தலைவரா இருந்து கூட்டிட்டுப் போறேன்னு கேட்டாரு. இந்தப் பயணம் முடியட்டும் பார்க்கலாம்னேன். இப்ப பாருங்க, உங்க ஒரு கை போனதும் மொத்தமும் நின்னு போச்சு. காது கேட்கிறவங்க இல்லாம ஒரு குழுவை எப்படிங்க நடத்த முடியும்?"

போனை வைத்தாள் கொண்டை. மேஜைக்கு அந்தப் பக்கம் புருவம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"டை என்ன சொன்னார்?"

கொண்டை இடது கையைத் தூக்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். அவனுக்காகப் பதில் சொல்லியே பழகிய கை. "ரெஸ்ட். இன்னிக்கு எல்லாருக்கும் ரெஸ்ட்."

"அவ்வளவு நேரம் பேசினாரே?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல சாப்பிடு."

அப்புறம். அந்த வீட்டில் அவனுக்கு அதிகமாகப் பரிமாறப்பட்ட வார்த்தை அதுதான். கல்யாண வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அப்புறம். அப்பாவின் ஆபரேஷன் பற்றி டாக்டர் பேசும்போது அப்புறம். அந்த அப்புறம் வந்து சேரும்போது சிரிப்பும் ஆறிப்போயிருக்கும், கவலையும் ஆறிப்போயிருக்கும்.

புருவம் அக்காவையே பார்த்தான். "என்னால முடியாதுன்னாரா?"

கொண்டைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் பயம், தம்பியின் முகத்தைப் பார்க்கவும் பயம். கடைசியில் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தார்கள். அவனோ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, விளக்கு ஸ்விட்சை இரண்டு முறை அணைத்துப் போட்டான். கூடம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது.

"பஸ் ரெடி. எல்லாரும் கிளம்புங்க. கோட்டைக்குத்தான். இன்னிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்." பிறகு அக்காவிடம் தனியாக, "உனக்குக் கைதானே போச்சு? வாயைக் கொண்டுவா, போதும்."

மூக்குத்தி மகள் பக்கம் திரும்பினாள். "பாஷை தெரியாத ஊர்டி. இவ்வளவு பேரைத் தொலைச்சுட்டு வந்தான்னா ஊருக்குப் போய் யார் பதில் சொல்றது?"

"அவன்தான்மா சொல்லணும். செயலாளர் அவன்தானே?" என்றாள் கொண்டை. தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது அவளும் தலைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

கோட்டை வாசலில் உள்ளூர் வழிகாட்டி காத்திருந்தாள். சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பவள். அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். நல்ல பெண். ஆனால் கடகடவென்று ஆங்கிலத்தில் கொட்டுவாள். சுவரைக் காட்டியபடியே பேசுவாள்.

நேற்றுவரை நடந்தது இதுதான். குடை சுவரைக் காட்டிப் பேச, கொண்டை கையால் சொல்ல, எல்லாரும் கொண்டையின் கையையே பார்ப்பார்கள். அவள் சொல்லி முடித்து இவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பும்போது குடை அடுத்த சுவருக்குப் போயிருக்கும். காது கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே பார்க்கலாம். இவர்களால் ஒன்று பார்க்க முடியும், இல்லை கேட்க முடியும். இரண்டுக்கும் கண் ஒன்றுதான். இவ்வளவு தூரம் வந்து இரண்டு நாளாக இவர்கள் பார்த்ததெல்லாம் கொண்டையின் வளையல்களைத்தான்.

இன்றும் குடை ஆரம்பித்தது. கொண்டை இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு முயன்றாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது அது. பின்வரிசையில் ஒருவர், "ராஜாவுக்கு என்னாச்சு? கை உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, "இல்லே, உங்க கையைத்தான் சொல்றீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொண்டைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

புருவம் முன்னால் வந்தான். குடைக்காரியைப் பார்த்துக் கும்பிட்டு, கொஞ்சம் பொறுக்கும்படி கைகாட்டினான். பிறகு தன் ஆட்களை அரை வட்டமாக நிறுத்தினான். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். யார் கண்ணிலும் வெயில் படக்கூடாது, பேசுபவர் முகத்தில்தான் பட வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"முதல்ல சுவரைப் பாருங்க. நல்லா பாருங்க. அவசரமே இல்லே. பார்த்துட்டு என் பக்கம் திரும்புங்க. பேசுவோம். அப்புறம் மறுபடி பாருங்க."

பார்த்தார்கள். இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாக, சுவரில் ஓடும் யானைப்படையையும், அதற்குக் கீழே பானை சுமந்து போகும் பெண்களையும், வண்டிக்கு அடியில் தூங்கும் நாயையும் ஆற அமரப் பார்த்தார்கள். நாயைக் கண்டுபிடித்தது மூக்குத்திதான். அது வேறு அவளுக்குப் பெருமை.

அந்த நீளமான கல் தாழ்வாரத்தின் கோடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் பெரிய கேமரா, முழங்காலெல்லாம் தூசி. புருவத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். அவனும் ஆட்டினான், கொஞ்சம் அதிகமாகவே.

"யாருடி அது?" மூக்குத்தி மகளின் காதைக் கடித்தாள்.

"எனக்கும் தெரியாதும்மா."

புருவம் அறிமுகப்படுத்தினான். இங்குள்ள மியூசியத்தில் போட்டோ எடுப்பவள். இந்தச் சுவர்களை ஒரு கல் விடாமல் படம் பிடிப்பது அவள் வேலை. அவளுக்கும் காது கேட்காது. ஒரு வருஷமாக வீடியோவில் பழக்கம். இன்றைக்கு வரச் சொல்லியிருந்தான். அக்காவுக்கும் அம்மாவுக்கும் இது ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்தானாம். ஆச்சரியமாகத்தான் இருந்தது, அதிலும் அம்மாவுக்கு!

படம் எடுக்கும்போது ஒரு கண்ணை மூடுகிறாள் என்பதால் கூட்டத்தில் யாரோ அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள். கண்சிமிட்டி. அந்தப் பெயர் மூக்குத்திக்குப் பிடிக்கவேயில்லை.

அவள் நாட்டுச் சைகை வேறு, இவர்கள் சைகை வேறு. கொஞ்ச நேரம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. தண்ணீருக்கு நீ என்ன காட்டுவாய், நான் இதைக் காட்டுவேன், ராஜாவுக்கு இது, சண்டைக்கு இது. புருவத்துக்கு அவள் சைகை பழக்கம் என்பதால் புரியாத இடத்தில் அவன் கைகொடுத்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரு பக்கமும் சரளமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கொண்டைக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கண்சிமிட்டி தாழ்வாரத்தின் கூரையைக் காட்டினாள். கன்னங்கரேல் என்று இருந்தது. எதையோ சொல்ல ஆரம்பித்தாள். சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். கூட்டம் சிரித்தது, திடுக்கிட்டது, ஒரு அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொண்டை பக்கத்திலிருந்தவரின் தோளைத் தொட்டு, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை எடுக்காமலே கையைக் காட்டினார். "இருங்க. அப்புறம் சொல்றேன்."

கொண்டைக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பேர் மத்தியில் தனக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. கேட்டாலும் சொல்வாரில்லை. சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது, அழுதால் எதற்கு அழுகிறார்கள் என்று தெரியாது. அரை மணி நேரத்துக்கே இப்படி இருக்கிறதே, இவன் பிறந்ததிலிருந்து எப்படித் தாங்கினான்?

இதற்குள் வேறு சுற்றுலாப் பயணிகளும் கூடிவிட்டார்கள். குடைக்காரி கொண்டையிடம் வந்து, "எங்கள் ஊர்க் கதை போலிருக்கிறதே, எனக்கும் சொல்லுங்களேன்" என்றாள். கொண்டை தம்பியைப் பார்த்தாள். புருவம் சொல்ல ஆரம்பித்தான். கை, தோள், முகம் எல்லாம் சேர்ந்து சொன்னது. முடித்துவிட்டு, வெளியே சொல்லும்படி அக்காவுக்குத் தலையசைத்தான்.

கொண்டை ஆங்கிலத்தில் சொன்னாள். "போர்க்காலத்தில் மக்கள் இங்கே ஒளிந்திருந்தார்களாம்."

புருவம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு நின்றதும் அவன் புருவம் ஏறியது.

"அவ்வளவுதானா?"

"சொல்லிட்டேன்டா."

"நான் கை வலிக்க வலிக்கச் சொன்னேன். நீ ஒரு மூச்சுல முடிச்சுட்டே. மிச்சம் எங்கே?"

புருவம் விடவில்லை.

"எனக்குச் சொல்றப்பவும் இப்படித்தானே சுருக்குவே? அவங்க மணிக்கணக்காப் பேசுவாங்க. நீ ரெண்டு கைவீச்சுல முடிச்சுடுவே. எனக்குக் காதுதான்க்கா கேட்காது. அவங்க வாய் எவ்வளவு நேரம் அசையுதுன்னு தெரியாதா?"

"உனக்குக் கஷ்டமா இருக்கக்கூடாதுன்னுதான்..."

"கஷ்டமா இல்லையான்னு நான் சொல்றேன். நீ மிச்சத்தையும் சொல்லு."

இத்தனை பேர் எதிரில் இப்படிக் கேட்டுவிட்டானே என்று முதலில் முகம் சிவந்தது. பிறகு கொண்டை நிமிர்ந்தாள். "சரி. மறுபடி சொல்லு. கொஞ்சம் கொஞ்சமா. எல்லாத்தையும் சொல்றேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் சொன்னாள். கூரையில் இருக்கும் கறுப்பு, பழங்காலத்துக் கறுப்பு இல்லை. கண்சிமிட்டியின் பெரிய அத்தை காலத்தில் மூட்டிய அடுப்புக் கரி. வெளியே சண்டை. ஊரே சட்டி பானைகளோடு இந்தத் தாழ்வாரத்தில் வந்து ஒண்டிக்கொண்டது. வாசலுக்கு அந்தப் பக்கம் சிப்பாய்கள். ஒரு சத்தம் கேட்டால் போச்சு, எல்லார் உயிரும் போச்சு. பேசாமல் எப்படி இருப்பது? யாருக்குச் சோறு, யாருக்குக் காய்ச்சல், யார் காவல், எப்படிச் சொல்வது?

அந்த ஊரில் காது கேட்காத பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் பெரிய அத்தை. அதுவரை அவளை யாரும் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. அவள் எல்லாருக்கும் கையால் பேசக் கற்றுக்கொடுத்தாள். மழைக்காலம் முடியும்வரை இந்தக் கல்லுக்குள் ஊர் முழுக்கக் கையால்தான் பேசிக்கொண்டது. கையால்தான் சண்டை போட்டது. ஒரு கல்யாணம்கூடக் கையாலேயே பேசி முடித்தார்கள். அவள் 'வெளியே போகலாம்' என்று காட்டிய அன்றுதான் எல்லாரும் வெளியே போனார்கள். ஒரு உயிர் குறையவில்லை.

கொண்டை ஒரு வார்த்தை விடவில்லை. சொல்லி முடித்தபோது அவள் குரல் கரகரத்தது. குடைக்காரி குடையை மடக்கிவிட்டு, "இதை இனிமேல் வருகிறவர்களுக்கும் நான் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

புருவம் கண்சிமிட்டியைக் காட்டினான். "கதை அவங்களோடது. அவங்களைக் கேளுங்க."

கண்சிமிட்டி தலையசைத்தாள். பிறகு எல்லாரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல். முன்பின் தெரியாத பயணிகளும் பார்த்துவிட்டு அப்படியே ஆட்டினார்கள். தாழ்வாரம் முழுக்கக் கைகள்.

மூக்குத்திக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு வெளிநாட்டுப் பெரியவரின் முழங்கையைப் பிடித்து, "என் பையன்" என்றாள் தமிழில். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாலை பஸ்ஸில் ஏறியபோது தலைகளைச் சரிபார்த்ததும் புருவம்தான். யாரும் தொலையவில்லை. சொல்லப்போனால் ஒரு ஆள் கூடியிருந்தது. கண்சிமிட்டியும் சாப்பிட வந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் டை மறுபடி போன் செய்தார். எடுத்தது மூக்குத்தி.

"அம்மா, அந்த கைடு போன்ல எல்லாம் சொன்னாங்க. மத்த குழுவெல்லாம் இப்படி வேணும்னு கேட்கிறாங்களாமே! உங்க பையன்கிட்ட சொல்லுங்க, அடுத்த பயணம்..."

"இருங்க சார்" என்றாள் மூக்குத்தி. "நான் எதுக்கு நடுவுல? அவன் இங்கேதான் இருக்கான். வீடியோவுல வாங்க. அவன்கிட்டயே பேசுங்க."

கொண்டை அம்மாவை அதிசயமாகப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா!

போனை மேஜையில் சாய்த்து வைத்தார்கள். டை டையைச் சரிசெய்துகொண்டார். அவர் சொன்னதை இடது கையாலும் வாயசைப்பாலும் கொண்டை சொன்னாள், சுருக்காமல், திணறித் திணறி. "அடுத்த பயணத்துக்குத் தலைவர் நீங்கதான். உங்க முறையிலயே நடத்துங்க. காலையில நான் பேசினது தப்பு."

புருவம் நிதானமாகத்தான் இருந்தான். அவன் சொன்னதைக் கொண்டை குரலாகச் சொன்னாள். "நன்றி சார். என் அக்கா என் குரலா வருவாங்க. தலைவர் நான். உள்ளூர்ல அந்த போட்டோக்காரங்க சேர்ந்து நடத்துவாங்க."

"ரொம்ப நல்லது. ஆனா அவங்களை நம்பலாமா? கடைசி நேரத்துல வரலேன்னா?"

புருவம் ஒரு கணம் மேஜைக் கோடியைப் பார்த்தான். கண்சிமிட்டி அங்கே உட்கார்ந்திருந்தாள். அவன் பதில் சொன்னான். வேகமான பதில். அம்மாவுக்கு எட்டாத வேகம்.

கொண்டைக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் அம்மா, எதிரே மேனேஜர். 'கண்டிப்பா வருவாங்க' என்று சொன்னால் முடிந்தது. அதுவும் பொய்யில்லை. நேற்றைய கொண்டையாக இருந்தால் மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டு அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"கண்டிப்பா வருவாங்க" என்றாள். தம்பி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே சொன்னாள். "நாங்க கல்யாணம் பண்ணிக்கறதா இருக்கோம். அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ எனக்கும் பொண்ணுதான். இதை அம்மாகிட்ட இன்னும் சொல்லலே. இப்ப அவங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்."

டை அந்தப் பக்கம் திருதிருவென்று விழித்தார். "வாழ்த்துகள்... நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று நழுவிவிட்டார்.

மேஜையில் எல்லாரும் மூக்குத்தியின் பக்கம் திரும்பினார்கள்.

"என்னடி சொன்னே?" மூக்குத்தி மகள் பக்கம் திரும்பினாள். "பொண்ணா? யாரு பொண்ணு? எவ்வளவு நாளா? உனக்குத் தெரியுமா? சொல்லுடி!"

கொண்டைக்கு வாய் வரை வந்தது. சமாதானம் சொல்ல, பூசி மெழுக, அம்மாவின் கோபத்தைத் தம்பிக்குத் தெரியாமலும் தம்பியின் பிடிவாதத்தை அம்மாவுக்குத் தெரியாமலும் மறைக்க அவளுக்குத்தான் எவ்வளவு பழக்கம்!

"அவன்கிட்டயே கேளும்மா" என்றாள்.

மூக்குத்தி மகனைப் பார்த்தாள். கோடியில் பயந்துபோய் எழுந்து நின்றவளைப் பார்த்தாள். மறுபடி மகனைப் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை இழுத்து, அவனுக்கு நேர் எதிரே, அவன் கைகள் நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"மெதுவா சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."